ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு இன்சுலின்

எங்கள் வீட்டுப் பூனை செவலையின் நோயை முதலில் கண்டுபிடித்தது எறும்புதான்.

2023 ஆகஸ்டு. ஆடி முடிந்து ஆவணி பிறந்த சமயம். பால்கனி மூலையில் அவன் சிறுநீர் கழிக்கும் மணல் தட்டைச் சுற்றிச் சிற்றெறும்பு சாரை வைத்திருந்தது. தினமும் சுத்தம் செய்கிற தட்டு. பக்கத்தில் தின்பண்டம் எதுவும் கிடையாது. நான் எறும்புச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு குனிந்தேன். பின்னால் நின்ற அம்மா, "கோடு அப்புறம் போட்டுக்கலாம். மொதல்ல இவன டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றாள். "எங்க அப்பாவுக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்சதே கொல்லையில மொய்ச்ச எறும்ப வச்சுதான்."

அவள் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. எலுமிச்சை அளவில் இருந்த மணல் கட்டிகள் கொஞ்ச நாளாகத் தேங்காய் மூடி அளவுக்கு ஆகியிருந்தன. கிண்ணத்துத் தண்ணீர் போதாமல் குளியலறை வாளியில் தலையை விட்டுக் குடித்துக்கொண்டிருந்தான். கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டான், ஆனாலும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. எல்லாவற்றையும்விட, பின்னங்கால்களை ஊன்றும் விதம் மாறியிருந்தது. பூனை விரல் நுனியில் நடக்கும் பிராணி. இவன் முயல்போல் குதிகால் வரை தரையில் பதித்து நடந்தான். வாஷிங் மெஷின் மேல் ஒரே தாவலில் ஏறுகிறவன், ஒரு வாரமாகக் கீழேயே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். வயதாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு வயதுதானே ஆகிறது என்று ஒரு முறைகூட யோசிக்கவில்லை. நீடித்த சர்க்கரை பூனைகளின் பின்னங்கால் நரம்புகளைத்தான் தாக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மருத்துவமனையில் எடை 5.1 கிலோ. போன வருடம் தடுப்பூசி போட்டபோது 6.8. ரத்தச் சர்க்கரை 412. அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து டாக்டர் முடிவு சொல்லவில்லை. பயந்த பூனைக்குச் சர்க்கரை நோயே இல்லாவிட்டாலும், கூண்டில் அடைத்து ஆட்டோவில் கொண்டுவந்த பதற்றத்திலேயே 300 வரைகூட ஏறிவிடுமாம். அதனால் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார். கடந்த இரண்டு வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமின் பரிசோதனைக்கும் ரத்தம் எடுத்தார். இரண்டும் சொன்னது ஒன்றைத்தான்: சர்க்கரை நோய். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 250, 300ஐத் தாண்டினால் பூனையின் சிறுநீரகத்தால் அதைப் பிடித்துவைக்க முடியாது. சர்க்கரை வெளியேறும்போது கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். நீரிழிவு என்று நம் ஆட்கள் பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம் என்று அந்த மர பெஞ்சில் உட்கார்ந்துதான் எனக்கு உறைத்தது.

"சிறுநீர்ல கீட்டோன் இல்லம்மா. அதனால அட்மிட் பண்ண வேண்டாம். வீட்லயே ஊசி போட்டுப் பாத்துக்கலாம்" என்றார். கீட்டோன் இருந்திருந்தால் கதை வேறு. உடம்பு சர்க்கரையை எரிக்க முடியாமல் கொழுப்பைக் கரைத்து ரத்தத்தை அமிலமாக்கும் நிலை அது. பூனை சாப்பாட்டை விட்டுவிடும், வாந்தி எடுக்கும், சுருண்டு படுத்துவிடும். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது, அன்றைக்கே ட்ரிப்ஸ் ஏற்றியாக வேண்டும்.

ஏன் வந்தது என்று கேட்டேன். ஆண் பூனை, கருத்தடை ஆனது, நடுவயது தாண்டியது, குண்டு, வெளியே போகாதது. பூனைகளில் சர்க்கரை வருவதற்கு எல்லாப் பொருத்தமும் இவனுக்கு இருந்தது. அதன்மேல், மார்ச் மாதம் தோல் அரிப்புக்கு இரண்டு முறை ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தோம். பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றது. கணையம் முழுக்கச் செத்துவிடவில்லை, ஓய்ந்து போயிருக்கிறது. அதற்கு ஓய்வு கொடுத்தால் சில பூனைகளுக்குத் திரும்ப வேலை செய்யவும் கூடும் என்றார் டாக்டர். அன்றைக்கு நான் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்பியது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

அவனுக்கு எழுதிக் கொடுத்தது கிளார்ஜின். மனிதர்களுக்கான நீண்டநேர இன்சுலின்தான். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு யூனிட். கால்நடை மருந்தாக விற்கும் இன்சுலின்களும் உண்டு, அவை ஒரு மில்லிக்கு 40 யூனிட் அடர்த்தி. கிளார்ஜின் ஒரு மில்லிக்கு 100 யூனிட். இந்த 40, 100 வித்தியாசத்தை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் அதனால் ஒரு உயிர் போயிருக்கும்.

அம்மாவுக்குப் பதினான்கு வருடமாகச் சர்க்கரை. ஆறு வருடமாக இன்சுலின். அவளுடையது 30/70 கலவை, ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள சிறு பாட்டில். கலங்கலாக இருக்கும், உள்ளங்கையில் உருட்டிவிட்டுத்தான் ஊசியில் ஏற்ற வேண்டும். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. நம் ஊர் மருந்துக் கடையில் "இன்சுலின் ஊசி ஒண்ணு குடுங்க" என்றால் பெரும்பாலும் இதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். செவலையின் கிளார்ஜின் தண்ணீர்போல் தெளிவாக இருக்கும், குலுக்கக் கூடாது. அதற்கு 100 அளவுகோல் போட்ட, ஆரஞ்சு மூடி சிரிஞ்சு வேண்டும். அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சு பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை, ஆன்லைனில் ஆர்டர் போட்டிருந்தேன். வந்து சேர மூன்று நாள் ஆகும். முதல் நாள் சாயங்காலம் ஏழு மணி நெருங்கியது. மருந்து இருக்கிறது, ஊசி இல்லை. அம்மாவின் டப்பாவில் சிவப்பு மூடி ஊசிகள் அடுக்கி இருந்தன. ஒரு யூனிட்தானே, ஒன்றாம் கோடு வரை இழுத்தால் போதும் என்று ஒன்றை எடுத்துப் பிரித்தேன்.

"அது என் ஊசி" என்றாள் அம்மா.

"தெரியும்மா, ஒண்ணே ஒண்ணு."

"காசுக்குச் சொல்லலடீ. அந்தக் கோடு என் மருந்துக்குப் போட்ட கோடு. அவன் மருந்து எத்தன? நூறுன்னு போட்டிருக்கு பாரு."

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சிவப்பு மூடி ஊசியில் ஒரு கோடு என்பது ஒரு மில்லியில் நாற்பதில் ஒரு பங்கு. அந்த இடத்தில் 100 யூனிட் மருந்தை நிரப்பினால் போவது ஒன்று இல்லை, இரண்டரை யூனிட். ஐந்து கிலோ பூனைக்கு, முதல் நாளே, இரண்டரை மடங்கு. கை வேர்த்துவிட்டது. அன்றைக்கு ஊசியே போடவில்லை. டாக்டரிடம் கேட்டபோது, இத்தனை மாதம் ஏறியிருந்த சர்க்கரை இன்னும் மூன்று நாள் ஏறியிருந்தால் ஒன்றும் ஆகிவிடாது, நன்றாகச் சாப்பிடுகிறான், கீட்டோன் இல்லை, சரியான ஊசி வரட்டும் என்றார். சோர்ந்தாலோ சாப்பாட்டை விட்டாலோ உடனே தூக்கிவரச் சொன்னார். அன்றிரவே அம்மாவின் மருந்தும் சிவப்பு மூடிகளும் ஃபிரிட்ஜ் கதவின் மேல்தட்டில், செவலையின் மருந்தும் ஆரஞ்சு மூடிகளும் கீழ்த்தட்டில் ஒரு டிபன் பாக்ஸில் என்று பிரித்தோம். டிபன் பாக்ஸின் மேல் நெயில் பாலிஷால் "100" என்று எழுதினேன். வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறார் என்றால், பூனைக்கு முதல் ஊசி போடும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

சரியான ஊசி வந்தது. எப்படிக் குத்துவது என்று அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள். அப்போது ஒன்று புரிந்து திகைத்துப் போனேன். ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அம்மா ஊசி போட்டுக்கொள்வதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. காலையில் குக்கர் வைத்துவிட்டு, சமையலறைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, புடவைத் தலைப்பை ஒதுக்கி, அரை நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். நாங்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். இன்றைக்கு என் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, "இப்படிப் பிடி, கூடாரம் மாதிரி தூக்கு, அந்தக் கூடாரத்தோட அடிவாரத்துல குத்து" என்று தன் வயிற்றிலேயே செய்து காட்டினாள். வயிற்றில் தொப்புளைச் சுற்றி நீலம் பாய்ந்த புள்ளிகள் இருந்தன. ஒரே இடத்தில் போட்டால் தடித்துவிடும் என்று இடம் மாற்றி மாற்றிப் போட்ட தடங்கள். அதைப் பற்றி அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிடரியில் போடலாம் என்று பலர் நினைப்பார்கள். அங்கே ரத்த ஓட்டம் குறைவு, மருந்து சரியாகச் சேராது. விலாப் பக்கம் அல்லது தொடைக்கு முன்னால் உள்ள தளர்ந்த தோல் நல்லது. 31 கேஜ் ஊசி முடி மாதிரி மெல்லியது. தட்டில் கோழியை வைத்துவிட்டு அவன் முகம் புதைந்திருக்கும்போது குத்தினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். என் கைதான் நடுங்கியது. நான்காம் நாள் ஊசி கூடாரத்தின் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டது. ரோமம் நனைந்து, முகர்ந்து பார்த்தால் மருந்து நெடி. எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே போனது என்று தெரியவில்லை. மறுபடி போட ஊசியை எடுத்தேன். அம்மா கையைப் பிடித்தாள். "போனது போனதுதான். அடுத்த வேளைக்குப் பாத்துக்கலாம். சர்க்கரை ஏறினா நாளைக்கு எறக்கலாம். எறங்கினா நாளைக்கின்னு ஒண்ணு இருக்காது." டாக்டரும் பின்னால் இதையேதான் சொன்னார், சொற்கள்தான் வேறு.

ரத்தம் எடுப்பது காது விளிம்பிலிருந்து. விளிம்பை ஒட்டி மெல்லிய ரத்தக் குழாய் ஒன்று ஓடும், அதற்கு வெளியே குத்தினால் போதும். குளிர்ந்த காதில் ரத்தம் வராது. அம்மா தோசைக்கல்லைச் சூடுபண்ணி, துணியை மடித்து அதில் ஒற்றி, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவன் காதில் வைப்பாள். காதின் பின்னால் பஞ்சு, விளிம்பில் லேசாக வாஸ்லின். வாஸ்லின் தடவினால் ரத்தம் ரோமத்தில் பரவாமல் மணியாகத் திரண்டு நிற்கும், ஸ்ட்ரிப் அதை உறிஞ்சிக்கொள்ளும். அம்மாவின் குளுக்கோமீட்டரைத்தான் பயன்படுத்தினோம். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், ஏனென்றால் சர்க்கரை சிவப்பணுவுக்கும் பிளாஸ்மாவுக்கும் இடையே பிரிந்திருக்கும் விகிதம் பூனைக்கு வேறு. டாக்டருக்கு எந்த மீட்டர் என்று சொல்லிவிட்டால் அதற்கேற்ப எல்லைகளைச் சொல்வார். எங்களுக்குச் சொன்னது: ஊசிக்கு முன் 150க்குக் கீழே இருந்தால் போடாமல் என்னைக் கூப்பிடு, சாப்பிடாவிட்டாலும் போடாமல் என்னைக் கூப்பிடு. வீட்டில் எடுத்த எண்ணின் மதிப்பு எனக்கு இரண்டாம் வாரம்தான் விளங்கியது. காலை ஏழு மணிக்கு வீட்டில் 268 காட்டியவனுக்கு ஒன்பது மணிக்கு மருத்துவமனை மேசையில் 390. அந்த 390ஐ நம்பி மருந்தைக் கூட்டியிருந்தால் வீட்டில் விழுந்திருப்பான்.

எண்ணைத் துரத்தக் கூடாது என்பதுதான் எனக்கு வரவே வராத பாடம். ஐந்தாம் நாள் 380 பார்த்ததும் போன் போட்டேன். "அளவைக் கூட்டலாமா டாக்டர்?" கூடாது என்றார். கிளார்ஜின் பாட்டிலில் அமிலத் தன்மையோடு தெளிவாக இருக்கும், தோலுக்கு அடியில் போனதும் உடம்பின் தன்மைக்கு மாறித் துகளாகப் படிந்து, அங்கிருந்து மெல்லக் கரையும். அந்தக் கையிருப்பு சேர்ந்து நிலைக்கச் சில நாள் பிடிக்கும். நேற்றைய எண்ணைப் பார்த்து இன்றைக்குக் கூட்டினால், முந்தா நாள் மருந்தும் நேற்றைய மருந்தும் ஒன்றுசேர்ந்து மூன்றாம் நாள் அடிக்கும். ஒரு வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் கால் அல்லது அரை யூனிட்தான் மாற்ற வேண்டும். அதற்கு முன் ஒரு நாள் முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அளந்து, எந்த நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஊசிக்கு முன்னால் எடுக்கும் எண் உயரமாகத்தான் இருக்கும். நடுவில், ஆறேழு மணி நேரம் கழித்து, எவ்வளவு தாழ்கிறது என்பதுதான் அளவைத் தீர்மானிக்கும். தேதி கிழிக்கும் காலண்டர் தாளின் பின்பக்கம் நான் எழுதி வைத்த அந்த எண்களைப் பார்த்தால், என் பயம் எந்த மணிக்கு ஏறி எந்த மணிக்கு இறங்கியது என்று இன்றைக்கும் படிக்கலாம்.

மூன்றாம் வாரம் அது நடந்தது.

வியாழக்கிழமை. கிண்டியில் வேலை முடித்துவிட்டுக் கிளம்ப நேரமாகிவிட்டது. வீட்டுக்கு வந்தபோது ஏழரை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள், தம்பி மாடியில் போனில் பேசிக்கொண்டிருந்தான். செவலை தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்தினான். அவசர அவசரமாகக் கோழியை வைத்து, ஒரு யூனிட் போட்டுவிட்டு முகம் கழுவப் போனேன். தம்பி இறங்கி வந்து குப்பையில் ஆரஞ்சு மூடியைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீயும் போட்டியா? நான் ஏழு மணிக்கே போட்டுட்டேனே" என்றான்.

டாக்டர் போனை எடுத்தார். அந்த ஒரு காரியத்துக்கு அவருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவள். உடனே இன்னும் கொஞ்சம் சாப்பாடு கொடு, மணிக்கு ஒரு தடவை காதில் எடு, 60க்குக் கீழே போனால் ஈறில் தேன் தடவு, நடை தள்ளாடினாலோ நடுங்கினாலோ காத்திருக்காமல் இரவு மருத்துவமனைக்குக் கொண்டு போ, வலிப்பு வந்தால் வாயில் எதையும் ஊற்றாதே, மூச்சுக்குழாயில் போய்விடும், ஈறில் தேய்த்துக்கொண்டே வண்டியில் ஏறு என்றார். ஒன்பது மணிக்கு 190. பத்துக்கு 141. பதினொன்றுக்கு 98. பன்னிரண்டுக்கு 71. ஒரு மணிக்கு 52. அவன் தள்ளாடவில்லை, ஆனால் கண்ணின் கருமணி விரிந்து, எதையோ தேடுவதுபோல் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தான். அம்மா விரலில் தேன் தொட்டு உதட்டைத் தூக்கி ஈறில் தேய்த்தாள். பூனைக்கு இனிப்பு தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பியின் மரபணு அதன் வம்சத்திலேயே செயலிழந்துபோனது. அவனுக்கு அது வெறும் பிசுபிசுப்புதான், முகத்தைச் சுளித்து நக்கினான். பின்னாலேயே ஈரச் சாப்பாடு. கால் மணி நேரம் கழித்து 68. இரண்டு மணிக்கு மறுபடி 59, மறுபடி தேன். தேன் ஏற்றியது தேனோடு இறங்கிவிடும், இன்சுலின் இன்னும் உள்ளே இருக்கிறது என்பதை அந்த மணி நேரங்களில்தான் கற்றேன். நான்கரைக்கு 104. விடிந்தபோது 170. மறுநாள் காலை ஊசியை நிறுத்தச் சொன்னார்.

தம்பி விடிய விடியப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவன் மேல் தப்பில்லை, என் மேலும் இல்லை என்று அம்மா சொன்னாள். எனக்கு ஆறவில்லை. அன்றிலிருந்து சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு தேதியிலும் இரண்டு கட்டம். ஊசியை எடுப்பதற்கு முன் கட்டத்தில் முதலெழுத்துப் போட வேண்டும். எழுத்து இருந்தால் ஃபிரிட்ஜைத் திறக்கவே கூடாது. போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போடவில்லை என்று எண்ணிக்கொண்டு போடக் கூடாது, போட்டாயிற்று என்று எண்ணி விட்டுவிட வேண்டும். ஒன்பது நாள் கழித்து அந்தத் தாளைப் பார்த்தேன். எங்கள் கட்டங்களுக்குக் கீழே அம்மா தனக்கும் இரண்டு கட்டம் போட்டிருந்தாள். ஒன்பது நாளில் நான்கு கட்டம் காலி. அந்த நான்கைப் பார்த்துவிட்டு நான் வாயைத் திறக்கவில்லை, பக்கத்தில் போய் நின்றேன். "கோயிலுக்குப் போற அன்னிக்கு மறந்துடுது" என்றாள்.

சாப்பாட்டை மாற்றியது ஊசியைவிடக் கஷ்டம். செவலை தெருவில் கண் திறக்காத குட்டியாகக் கிடைத்தவன். அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தது அம்மா. பால் சோறு, கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு, மத்தியானம் தயிர் சாதத்தில் ஒரு உருண்டை. மீதி நேரத்துக்கு உலர்ந்த பூனைத் தீனி. பூனை கறியை மட்டுமே நம்பிப் படைக்கப்பட்ட உயிர். மாவுச் சத்தைக் கையாளும் கல்லீரல் நொதிகள் அதற்கு மிகக் குறைவு. உலர் தீனிப் பையில் மாவுச் சத்து எவ்வளவு என்று அச்சிட மாட்டார்கள், நாமே கழித்துப் பார்க்க வேண்டும். புரதம் 32, கொழுப்பு 12, ஈரம் 10, சாம்பல் 8, நார் 4 என்று இருந்தால் நூறில் மிச்சம் 34. அது முழுக்க மாவு. ஈரப் பாக்கெட்டில் புரதம் 10, கொழுப்பு 5, ஈரம் 80, சாம்பல் 2, நார் 1 என்றால் மிச்சம் 2தான். அதிலும் கிரேவி என்று போட்டிருப்பதில் மாவைக் கரைத்திருப்பார்கள், கூழாக அரைத்த வகைதான் நல்லது. வெறும் வேகவைத்த கோழி போதாது, பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து, கால்சியம் எல்லாம் குறைந்துபோகும். அதனால் ஊசி நேரத்துக்குக் கொஞ்சம் கோழி, மற்றபடி ஈரத் தீனி.

சோற்றை நிறுத்து என்று அம்மாவிடம் சொன்ன அன்றைக்கு அவள் முகம் வாடியதை மறக்க முடியாது. தான் ஊட்டிய சோறுதான் இவனை இப்படி ஆக்கியதா என்று இரண்டு தடவை கேட்டாள். சோறு மட்டும் காரணமில்லை என்று நான் சொன்னது உண்மைதான், ஆனாலும் அவளுக்கு அது போதவில்லை. மாற்றத்தைப் பத்து நாளாகப் பிரித்துச் செய்தோம். ஒரே நாளில் மாவை நிறுத்திவிட்டு அதே அளவு இன்சுலினைப் போட்டால் சர்க்கரை சரிந்துவிடும். சாப்பாடு மாறும் வாரங்களில் இன்னும் அடிக்கடி அளக்க வேண்டும். எங்களுக்கு அக்டோபர் முதல் வாரத்திலேயே காலை எண்கள் 200க்கு இறங்கின.

"மாத்திரை இல்லையா, எதுக்கு இந்தக் குத்தல்?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். அம்மாவின் சர்க்கரை மாத்திரையைப் பொடித்துக் கலந்தால் என்ன என்றுகூட ஒருவர் கேட்டார். அது கூடவே கூடாது. பூனைக்கென்றே ஒரு மாத்திரைக்கு, பெக்ஸாகிளிஃப்ளோசின் என்று பெயர், 2022 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடுத்த வருடம் வெலாகிளிஃப்ளோசின் என்ற திரவ மருந்துக்கும் கிடைத்தது. இரண்டும் அதிகச் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. ஏற்கெனவே இன்சுலின் போட்ட பூனைக்கு அவற்றைக் கொடுப்பது ஆபத்து, கீட்டோன் ஏறிவிடும். எனக்கு அந்த வழி மூடியிருந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஏனென்றால் எனக்கு நம்பிக்கை தந்த ஒன்று கையில் இருந்தது. 2009இல் கிர்ஸ்டன் ரூம்ப், ஜாக்கி ராண்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வு. 55 பூனைகள், கிளார்ஜின், மாவு குறைந்த ஈரச் சாப்பாடு, வீட்டிலேயே தினமும் பல முறை அளவெடுப்பு. நூற்றுக்கு 64 பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலை வந்தது. நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் இப்படித் தொடங்கியவற்றில் அது 84. அந்த எண்களைக் காட்டிலும் என்னைத் தொட்டது வேறு: அந்தக் காதுகளைக் குத்திக் கணக்கு எழுதியவர்கள் மருத்துவர்கள் இல்லை, பெரும்பாலும் ஜெர்மன் மொழி பேசும் பூனை வளர்ப்பவர்கள். என்னைப் போலவே அலாரம் வைத்துப் பாதி ராத்திரி எழுந்தவர்கள். அவர்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்துதான் இன்றைக்கு என் டாக்டர் எனக்குச் சொல்லும் வார்த்தை வந்திருக்கிறது.

டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் மின்சாரம் இல்லை. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் உள்ளே சாதாரணச் சூடு. தம்பி எங்கிருந்தோ ஐஸ் கட்டி வாங்கி வருகிறேன் என்றான். வேண்டாம் என்றாள் அம்மா. இன்சுலின் உறைந்தால் செத்துப்போகும், பிறகு உருகினாலும் உதவாது. கோடையில் மின்வெட்டுக்கு அவள் எப்போதும் செய்வதைச் செய்தாள். பெரிய மண்பானையில் கொஞ்சம் மணல், மணலில் தண்ணீர், நடுவில் ஒரு சின்னச் சட்டி, சட்டிக்குள் தண்ணீர் படாமல் இரண்டு மருந்துகள், மேலே ஈரத் துணி. அந்த ஈரக் காற்றில் பானை பெரிதாகக் குளிர்ந்திருக்காது. மார்கழிக்கு முந்தைய குளிரே போதுமானதாக இருந்தது. கிளார்ஜின் 30 டிகிரிக்கு மேல் போகாதவரை 28 நாள் வெளியில் தாங்கும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஸ்ட்ரிப். பதினொன்றுதான் மிச்சம். காலையும் மாலையும் ஒவ்வொன்று அவனுக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் அம்மாவுக்கு என்று பங்கு போட்டோம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவன் காதையும் அவள் விரலையும் மாற்றி மாற்றிக் குத்தினேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அம்மா என் கையில் தன் ஊசியைக் கொடுத்தாள். இருட்டில் கோடு தெரியவில்லை என்றாள்.

அந்த மாதக் கடைசியில் அவனுக்கு நடுநேரத்து எண்கள் 80, 90 என்று வந்தன. அரை யூனிட் ஆக்கினோம். பொங்கலுக்குப் பிறகு கால் யூனிட், அது கோடே இல்லாத அளவு, கண் மதிப்பில் ஒரு சொட்டு. பிப்ரவரி 11ஆம் தேதி டாக்டர் நிறுத்திப் பார்க்கலாம் என்றார். அந்த இரண்டு வாரம் ஊசி போட்ட நாட்களைவிட அதிகமாகப் பயந்தேன். 112, 97, 121, 104. ஃப்ரக்டோசமின் சரியான அளவில் வந்தது. நோய் போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. திரும்பி வரலாம். இன்றைக்கும் வாரம் ஒரு தடவை காதில் எடுக்கிறேன், அவன் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் ஸ்டீராய்டு வேண்டாம் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது, ஆரஞ்சு மூடி ஊசி இன்னும் அரைப் பெட்டி டிபன் பாக்ஸில் இருக்கிறது. பின்னங்கால் நிமிர இன்னும் நான்கு மாதம் ஆனது. ஜூன் மாதம் ஒரு மத்தியானம் துணி எடுக்கப் போனபோது வாஷிங் மெஷின் மேல் படுத்துக்கொண்டிருந்தான். எப்போது ஏறினான் என்று யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் ஏழு மணிக்குச் சமையலறைக்கு வந்துவிடுகிறான், வழக்கம் மாறவில்லை. அம்மா இப்போதெல்லாம் சுவரைப் பார்த்து நிற்பதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, காலண்டரில் கட்டத்தை நிரப்பிவிட்டு, சிவப்பு மூடியைக் கழற்றுகிறாள். அவன் அவள் காலடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறான். ஊசியை எடுத்ததும் எழுந்து அவனுக்கு ஒரு துண்டு கோழி வைக்கிறாள்.